முந்திக்கொண்ட நன்றி

அத்தியாயம் 14

சென்ற வாரம் கண்ணாடியம்மாவைச் சமையலறையில் விட்டுவிட்டு வந்தோம். கதவைச் சாத்திக்கொண்டு, ஈரக் கையைக்கூடத் துடைக்காமல், அவள் கடவுளோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தாள். அப்படிப் போடலாமா என்று மூன்று வாசகர்கள் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். போடலாமா கூடாதா என்பதை விஷயம் தெரிந்தவர்கள் பேசிக்கொள்ளட்டும். அவள் போட்டுவிட்டாள். நமக்கு அதுதான் செய்தி.

ஒப்பந்தம் இதுதான். எட்டாவது பதிப்பகத்துக்குப் போயிருக்கும் அவளுடைய படக்கதை இந்த முறையும் திரும்பி வந்தால், அதையே ஆண்டவரின் பதிலாக எடுத்துக்கொள்வாள். தூரிகைகளைக் கழுவி வைத்துவிடுவாள். இனி வரைய மாட்டாள். இதைக் கணவரிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. கண்ணாடியம்மா என்பது தெரு வைத்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஃப்ரேமுக்கு ஏற்றபடி லென்ஸை அறுத்துத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. பதினோரு வருஷமாக அதே நாற்காலி. வீட்டுக்கு வந்தால் படம். பஞ்ச காலத்தில் ஓடைக்கரையில் ஒளிந்திருந்த தீர்க்கதரிசிக்கு அப்பம் கொண்டுபோய்க் கொடுத்த காகத்தின் கதையை ஆறு வருஷமாக வரைந்துகொண்டிருக்கிறாள். காகமோ திருட்டுப் பிறவி. அதற்கும் பசி. வாயில் அப்பம். அதைத் தின்னாமல் பறக்க வேண்டும். அவ்வளவுதான் கதை, முப்பத்திரண்டு பக்கம்.

கிறிஸ்தவப் பதிப்பகங்கள், "தின்றுவிடலாமா என்று காகம் யோசித்ததாக வேதத்தில் இல்லையே சகோதரி" என்றன. மற்ற பதிப்பகங்கள், "காகம் அருமை. அந்தத் தீர்க்கதரிசியை மட்டும் எடுத்துவிட முடியுமா?" என்றன. அவர்களுக்குக் காகம் கூடிப்போனது, இவர்களுக்குக் கடவுள் கூடிப்போனார். எட்டாவது இடத்தில்தான் ஒரு பதிப்பாசிரியை, "எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, எங்கள் குழுவின் முன் வைக்கிறேன்" என்று ஐந்து மாதத்துக்கு முன்னால் எழுதியிருந்தாள்.

இனி, சனிக்கிழமை.

காலை பத்தேகால் மணி. ஒரு பேருந்து ஓட்டுநரின் லென்ஸில் மையப் புள்ளி குறித்துக்கொண்டிருந்தபோது, ஏப்ரன் பையில் கைபேசி அதிர்ந்தது. வேலை நடுவில் அவள் கைபேசியை எடுப்பதே இல்லை. அன்று எடுத்தாள்.

"வணக்கம். தங்கள் படைப்பை எங்கள் குழு கவனமாகப் பரிசீலித்தது. நான்கு பேர் ஆதரித்தார்கள், ஐந்து பேர் தயங்கினார்கள். தற்போது இதை ஏற்க இயலாத நிலையில் இருக்கிறோம் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் முயற்சிகள் தொடர வாழ்த்துகள்."

ஒருமுறை படித்தாள். கைபேசியைப் பையில் போட்டாள். லென்ஸை எடுத்தாள். அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாக அந்த ஐந்தாவது ஆள் வந்து மேஜைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

நான்குக்கு ஐந்து. அந்த ஐந்தாவது ஆள் மட்டும் அன்று காலையில் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தால்? அவருக்கு அன்று பல்வலி இல்லாதிருந்தால்? சின்ன வயதில் ஒரு காகம் அவர் தலையில் கொத்தாதிருந்தால்? முகம் தெரியாத அந்த மனிதருக்கு மீசை வைத்துப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள். அவரோடு சண்டை போட்டாள். கெஞ்சினாள். அவர் அசையவில்லை.

லென்ஸ் அறுக்கும் இயந்திரம் சுற்றி நின்றது. லென்ஸை எடுத்து ஃப்ரேமில் வைத்தபோது உட்காரவில்லை. மறுபடி வைத்தாள். அப்புறம்தான் புரிந்தது. வலது கண்ணின் லென்ஸை இடது கண்ணின் அளவுக்கு அறுத்து வைத்திருக்கிறாள்.

எதற்கோ உள்ளே வந்த கடை முதலாளி அதைப் பார்த்தார். வார்த்தையை அளந்து பேசுகிற மனிதர்.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன் சார்."

"பதினோரு வருஷத்துல நீங்க இடது வலது மாத்தினதே இல்ல. நல்லா இல்ல. வீட்டுக்குப் போங்க."

"இன்னும் நாலு ஜோடி இருக்கு சார்."

"அதையும் மாத்தி அறுத்துடுவீங்க. போங்கம்மா."

தெருவில் இறங்கினாள். சனிக்கிழமையின் கூட்டம். சலவைக்கடை வாசலில் ஒருவர் சட்டை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தார். மருந்துக்கடையில் வரிசை. எல்லோருக்கும் எங்கோ போக வேண்டியிருந்தது. அவளுக்கு மட்டும் எங்கும் போகப் பிடிக்கவில்லை, நிற்கவும் பிடிக்கவில்லை. தன் வீட்டைத் தாண்டிப் போய், அடுத்த திருப்பம் வரை போய், ஏன் வந்தோம் என்று விழித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

வீட்டில் ஒருவரும் இல்லை. இந்த மாதம் முழுக்கச் சனிக்கிழமைகளில் ஆலய அறிவிப்புத் தாள் அச்செடுத்து மடிக்கிற முறை அவர்களுடையது. அப்பாவும் மகளும் போயிருந்தார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். பால் காய்ச்சலாம் என்று பாத்திரத்தை வைத்துவிட்டுப் பால் ஊற்ற மறந்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். கடைசியில், செய்ய வேண்டியது எதுவோ அதற்கு வந்தாள். தூரிகைகள்.

பதினோரு தூரிகைகள். ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் சோப்பு குழைத்துத் தேய்த்தாள். கறுப்பு வந்தது. மறுபடியும் தேய்த்தாள். மறுபடியும் கறுப்பு. ஆறு வருஷக் காகம், அவ்வளவு சீக்கிரத்தில் போய்விடுமா?

"சரி ஆண்டவரே," என்று குழாயைப் பார்த்துச் சொன்னாள். "நான் கேட்டேன். நீர் சொல்லிட்டீர். நான் வாக்குத் தவற மாட்டேன்."

சொல்லி முடித்ததும் நிம்மதி வர வேண்டும் அல்லவா? கீழ்ப்படிந்தவர்களுக்குச் சமாதானம் வரும் என்றுதானே சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தாள். வரவில்லை. மனசுக்குள் எதுவோ ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்பதாவது தூரிகையில் கை வைத்தபோது கைபேசி அடித்தது. மகள்.

மகளுக்கு வயது பதினைந்து. வீட்டில் வக்கீல் என்று பெயர். ஒரு கேள்விக்கு மூன்று கேள்வி கேட்காமல் அவள் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? நான் உன் பொண்ணுதானே?"

"என்னடி ஆச்சு?"

"சந்தோஷமான விஷயத்தை முதல்ல பொண்ணுகிட்ட சொல்லுவாங்களா, இல்ல சபை முழுக்கச் சொல்லிட்டு அப்புறமா வீட்டுக்கு வருவாங்களா?"

"எனக்கு ஒண்ணும் புரியல."

"சரி, படிக்கறேன் கேளு. 'நன்றி ஏறெடுப்பு: நம் சபைச் சகோதரியின் படக்கதை நூல் வெளியீட்டுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டதற்காக. நாளைய ஆராதனையில் சகோதரி சாட்சி கூறுவார்.' நூத்தி அறுபது காப்பி அடிச்சாச்சும்மா. நான் மடிச்சுக்கிட்டு இருந்தேன், இப்பத்தான் கண்ல பட்டுது. எப்போ மெயில் வந்துது? ஏன் சொல்லல?"

கண்ணாடியம்மாவின் கையிலிருந்த தூரிகை தொட்டிக்குள் விழுந்தது.

"அப்பா பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு. மேல பாக்கறாரு."

"அவரை அங்கேயே இருக்கச் சொல்லு. நான் வர்றேன்."

ஆலயத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அலுவலகம். நீள மேஜை, நகல் எடுக்கும் இயந்திரம், மூலையில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். அறை முழுக்கச் சூடான காகித வாசம். மேஜையின் ஒரு பக்கம் மடித்த தாள்கள், மறுபக்கம் மடிக்காதவை. நடுவில் அவள் கணவர்.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரே பயந்து நிற்கும் இருண்ட கிணற்றுக்குள் ஒற்றைக் கம்பியில் இறங்கி வேலை பார்த்துவிட்டு, சட்டையைத் தட்டிக்கொண்டு வருவார். கம்பி அறுந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. கடவுள் விஷயத்திலும் அப்படித்தான். நல்ல மனிதர். அவரால் வருகிற தொல்லைகளெல்லாம் நல்லதனத்தால் வருகிற தொல்லைகள். அவற்றுக்குத்தான் மருந்தே கிடையாது.

"என்னங்க இது?"

"முதல்ல உக்காரு."

"உக்கார முடியல. சொல்லுங்க."

"புதன்கிழமை ஜெபக்கூட்டத்துல பாஸ்டர் சொன்னாரு. கேட்டுட்டுக் கைகட்டி நிக்காதீங்க, கிடைச்ச மாதிரியே நன்றி சொல்லிப் பாருங்கன்னாரு. எனக்கு அப்படியே நெஞ்சுல தச்சுது. வாசல்ல சீட்டு வச்சிருப்பாங்களே, ஒரு பக்கம் விண்ணப்பம், இன்னொரு பக்கம் நன்றின்னு. இத்தனை வருஷமா உன் புத்தகத்தை விண்ணப்பத்துலயே எழுதிப் போட்டுக்கிட்டு இருக்கேன். இந்தத் தடவை நன்றிப் பக்கத்துல எழுதிட்டேன்."

"எழுதிட்டு?"

"எழுதிப் பெட்டியில போட்டுட்டேன். அவங்க அதை நடந்து முடிஞ்சதுன்னே எடுத்துக்கிட்டாங்க போல."

"நன்றின்னு எழுதினா வேற எப்படிப்பா எடுத்துக்குவாங்க?" என்றாள் வக்கீல்.

"எல்லார் முன்னாடியும் நான் நின்னு சாட்சி சொல்றேன்னும் நீங்கதான் எழுதினீங்களா?"

"இல்ல, அது பாஸ்டர் சேர்த்தது. சந்தோஷத்துல சேர்த்திருப்பாரு." அவர் முகத்தில் இன்னும் நம்பிக்கை மிச்சமிருந்தது. "இதுல என்ன தப்பு? வர வேண்டியதுதானே? ரெண்டு நாள் முன்னப்பின்ன இருக்கும்."

"காலையில மெயில் வந்துது. வேண்டாம்னுட்டாங்க."

 வக்கீல் நகல் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். அவர் கையில் பாதி மடித்த தாள் இருந்தது. அதை விரித்தார். மறுபடி மடித்தார்.

"வேண்டாம்னேவா?"

"நாலு பேர் வேணும்னாங்க, அஞ்சு பேர் வேண்டாம்னாங்க."

"அப்போ நாளைக்குள்ள ஒருத்தர் மனசு மாறினா..."

"அப்பா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எந்தப் பதிப்பகம் திறந்திருக்கும்?"

அவர் உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிஷத்தில் பத்து வயது கூடினாற்போல் இருந்தது. கண்ணாடியம்மாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் இந்த இரண்டும் சேர்ந்தே வந்து பழகிவிட்டது.

"புதுசா அடிச்சுடலாம்," என்றார் அவர்.

"மை தீர்ந்துபோச்சு. கடைசிப் பத்துத் தாளே வெளிறித்தான் வந்திருக்கு," என்றாள் வக்கீல்.

"அப்போ அந்த வரியை மட்டும் அடிச்சுடுவோம். பேனாவால. நான் அடிக்கறேன், நான்தானே பண்ணினேன்."

"என்னவோ பண்ணுங்க," என்றாள் கண்ணாடியம்மா. "எனக்கு இனி அதுல ஒண்ணும் இல்ல. முடிஞ்சுது. நான் அவர்கிட்ட சொல்லிட்டேன்."

"எவர்கிட்ட?"

"எவர்கிட்ட சொல்லுவாங்க? இந்தத் தடவையும் வரலைன்னா அதையே உம்ம பதிலா எடுத்துக்கறேன், இனிமே பிரஷைத் தொட மாட்டேன்னு சொல்லிட்டேன். தூரிகையெல்லாம் கழுவியாச்சு."

மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் நிமிர்ந்து பார்த்தார். புத்தகம் வராததற்குக்கூட அப்படி முகம் மாறவில்லை.

"என்கிட்ட சொல்லவே இல்லையே நீ."

"நீங்க எழுதிப் போட்டதை என்கிட்ட சொன்னீங்களா?"

 வக்கீல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? திட்டக் கூடாது."

"சொல்லு."

"அப்பா, சாமி சரின்னு சொல்லிட்டாருன்னு எழுதிக் கொடுத்துட்டாரு. நீ, சாமி வேண்டாம்னு சொல்லிட்டாருன்னு முடிவு பண்ணிட்ட. மெயில் அனுப்பினது ஒரு பதிப்பகம். ரெண்டு பேரும் சேர்ந்து அவரைப் பேசவே விடலையேம்மா."

யாரும் அவளைத் திட்டவில்லை. 

கண்ணாடியம்மா கோபமாக ஒரு பேனாவை எடுத்தாள். அலுவலகத்தில் பெட்டிகளின் மேல் பெயர் எழுத வைத்திருக்கும் தடித்த கறுப்புப் பேனா. தாள்களை மூன்று பங்காகப் பிரித்து ஆளுக்கொன்றைத் தள்ளினாள். ஏதாவது செய்தால் போதும் என்றிருந்தது. முதல் தாளை இழுத்தாள். நன்றி வரியின் மேல் ஒரே இழுப்பு. அடுத்தது. அடுத்தது.

ஒவ்வொரு இழுப்பும் எரிச்சலோடு போயிற்று. ஐந்தாவது ஆளுக்கு ஓர் இழுப்பு. தீர்க்கதரிசியை எடுக்கச் சொன்னவனுக்கு ஓர் இழுப்பு. 'வேதத்தில் இல்லையே சகோதரி' என்றவர்களுக்கு இரண்டு. மேஜையின் அந்தப் பக்கத்தில் அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை தண்டனை எழுதுவதுபோல அளவுகோல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.  

முப்பது தாள் போயிருக்கும். கோட்டின் கீழே எழுத்து தெரிந்தது. சும்மா அடித்தால் மறைய மாட்டேன் என்றது. "ஏற்றுக்கொள்ளப்பட்ட" என்ற வார்த்தை கறுப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அதை மறைக்க மேலே கொஞ்சம் கறுப்பு குவித்தாள். அடுத்த தாளிலும் அந்த இடத்தில் குவித்தாள். அதற்கடுத்ததில் குவியலுக்கு ஒரு பக்கம் கூராக வந்துவிட்டது. அதனால் மறுபக்கத்தை இறக்க வேண்டியிருந்தது. இறக்கினால் கீழே இரண்டு கோடு கேட்டது.

"அம்மா," என்றாள் வக்கீல், மெதுவாக.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

கண்ணாடியம்மா குனிந்து பார்த்தாள். அடித்த கோட்டின் மேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது.

"இது பேனா," என்றாள் சட்டென்று. "பிரஷ் இல்ல."

"நான் ஒண்ணுமே சொல்லலையே."

அவள் தாளைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தாள். நேராக ஒரு கோடு, அவ்வளவுதான், என்று கையிடம் சொன்னாள். கை கேட்டால்தானே. கோட்டின் மேல் மறுபடியும் அந்தக் குவியல். இந்தத் தடவை காகம் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. சின்ன விரல் நகம் அளவு இடம். கண் வரைய இடமில்லை, அலகு வரைய இடமில்லை. முதுகும், கொஞ்சம் சாய்ந்த கழுத்தும் மட்டும்.

அதைப் பார்த்தபடியே இருந்தாள்.

ஆறு வருஷமாகப் பதினோராம் பக்கம் அவளைப் படுத்திக்கொண்டிருந்தது. காகம் பசியோடு கிளையில் நிற்கிற பக்கம் அது. வாயில் அப்பம். தின்பதா, பறப்பதா? அந்தப் பக்கத்தைப் பத்தொன்பது தடவை வரைந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் காகத்தின் முகத்தை வரைந்தாள். கண்ணில் ஆசை, கண்ணில் பயம், கண்ணில் குற்ற உணர்ச்சி என்று நாடகக்காரன் மாதிரி எல்லாவற்றையும் அந்தக் கண்ணில் ஏற்றினாள். எதுவும் சரியாக இல்லை. சரியாக இல்லை என்று அவளுக்கே தெரியும். எட்டுப் பதிப்பகங்களுக்கும் அந்தப் பக்கத்தை அப்படியேதான் அனுப்பினாள்.

முகத்தைக் காட்டியிருக்கவே கூடாது. முதுகு போதும். முகம் தெரியாவிட்டால்தான் பார்க்கிற குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பும்.

"பதினோராம் பக்கம்," என்றாள் சத்தமாக.

"என்னது?" என்றார் கணவர்.

"பதினோராம் பக்கத்தைத் தப்பா வரைஞ்சுட்டேன். ஆறு வருஷமா. முதுகைத்தான் காட்டணும். அப்போ பன்னிரண்டும் மாறும், பதிமூணுல ஓடையை மேலேர்ந்து பார்க்கணும்..." பாதியில் நிறுத்தினாள்.

சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அதோடு கூடவே வெட்கம். காலையில் வாக்குத் தவற மாட்டேன் என்றவள் மதியம் தாண்டுவதற்குள் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டாள். ஆண்டவரிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதா, பதினோராம் பக்கத்தைக் காப்பாற்றுவதா? முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். மை பட்டு நெற்றி கறுத்தது.

"ஆண்டவரே," என்றாள், கணவரும் மகளும் கேட்க. "நீர் ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன். களைச்சுப்போய்ட்டேன்னு உம்மகிட்ட நேரா சொல்லத் தைரியம் இல்லாம, உம்ம பேர்ல எழுதிக்கிட்டேன். அதை மன்னிச்சுடும். களைப்பு அப்படியேதான் இருக்கு. ஆனா அந்தப் பக்கத்தை நான் திரும்ப வரையணும்."

ஆமென் சொல்ல மறந்துவிட்டாள். மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து அவர் சொன்னார். அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுடு," என்றார் பிறகு.

"அதை நீங்களே கேளுங்க. அவருக்கு உங்க குரல் தெரியும்."

வக்கீல் சிரித்துவிட்டாள். தன் பங்குத் தாள்களையும் அப்பாவின் பங்கையும் வாரி அம்மாவின் பக்கம் தள்ளினாள். "மிச்சத்தையும் நீயே பண்ணு. அப்பா போட்ட கோடு கணக்கு நோட்டு மாதிரி இருக்கு."

அவள் வரைந்தாள். எழுபது, எண்பது, நூறு. ஒன்றில் கழுத்து கூடுதலாகச் சாய்ந்தது, ஒன்றில் வால் தூக்கியது. தப்பாகப் போனதைப் பற்றிக் கவலைப்படாமல் அடுத்ததற்குப் போனாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டதா என்றால், இல்லை. ஓட்டம் அப்படியேதான் இருந்தது. ஆனால் இப்போது அதற்குப் போக ஓர் இடம் இருந்தது.

நூற்று இருபதாவது தாளில் போதகர் வந்தார். கையில் நாலு நாற்காலிகளை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தவர், அவளைப் பார்த்ததும் கீழே வைத்தார்.

"சிஸ்டர், எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நாளைக்கு உங்களுக்குத் தாராளமா நேரம் கொடுத்திருக்கேன்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடியம்மாதான் சொன்னாள். சீட்டின் இரண்டு பக்கம், முந்திக்கொண்ட நன்றி, காலையில் வந்த மெயில், எல்லாம். போதகர் கேட்டுக்கொண்டே ஒரு தாளை எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

"என் தப்பும் இருக்கு," என்றார். "ஒரு வார்த்தை உங்களைக் கேட்டிருக்கணும். மன்னிச்சுடுங்க. சாட்சியை எடுத்துடறேன், யாரும் கவனிக்க மாட்டாங்க."

"எடுக்காதீங்க."

"என்ன சொல்லப்போறீங்க?"

"தெரியல."

"இல்ல சிஸ்டர், பொதுவா நடந்து முடிஞ்சதைத்தான்..."

"கிடைக்காதவங்க எழுந்து நின்னு சொல்லக் கூடாதுன்னு ஏதாவது இருக்கா பாஸ்டர்?"

போதகர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"அப்படி ஒண்ணும் இல்ல," என்றார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. அவ்வளவுதான்." கையிலிருந்த தாளை மறுபடியும் பார்த்தார். "இந்தக் காக்கா எல்லாத் தாள்லயும் இருக்கா?"

"இன்னும் நாப்பது பாக்கி."

"சரி," என்று சொல்லிவிட்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

விஷயம் இதோடு முடிந்திருந்தால் இந்த வாரம் நாமும் நிம்மதியாக எழுந்து போயிருக்கலாம். ஆனால் லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். அவர் தொண்டையைச் செருமினால் வீட்டில் எல்லோரும் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள்.

"இன்னொரு விஷயம் இருக்கு."

"அப்பா," என்றாள் வக்கீல்.

"புதன்கிழமை சீட்டுப் போட்டுட்டு வர்ற வழியில, மச்சானுக்கும் ஃபோன் பண்ணிட்டேன். புத்தகம் வருது, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வாங்கன்னு."

கண்ணாடியம்மா பேனாவை மூடினாள்.

அவளுடைய அண்ணன் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துபவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணி நோயில் விழுந்தபோது, இதே ஆலயத்தில் இருபத்தேழு நாள் விடாமல் முழங்காலில் நின்றார். அண்ணி போய்விட்டாள். அன்றோடு அவர் வாசல் மிதிப்பதை நிறுத்தினார். சண்டை போடவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. "பதில் சொல்லாதவர்கிட்ட பேசிக்கிட்டே இருக்க எனக்குத் தெம்பு இல்ல பாப்பா" என்று தங்கையிடம் ஒரே ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு எட்டுப் பெரிய பண்டிகைக்கும் கூப்பிட்டாயிற்று, இரண்டு கல்யாணத்துக்கும் கூப்பிட்டாயிற்று. வரவில்லை.

"என்ன சொன்னாரு?"

"பார்க்கலாம்னாரு." லிஃப்ட்காரர் குரல் இறங்கியது. "ஒரு நல்ல சேதி கேட்டாலாவது உள்ள வருவாருன்னு நினைச்சேன்மா. நிஜமா அதுக்குத்தான் அந்தச் சீட்டே எழுதினேன்."

இதற்கு அவளால் கோபப்பட முடியவில்லை. ஆனால் பயம் வந்தது. அண்ணன் நாளைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஜெபித்து ஜெபித்து ஒன்றும் கிடைக்காத இன்னொருத்தியைப் பார்த்துவிட்டுப் போனால்? அவருக்கு இருக்கிற கொஞ்சநஞ்சமும் போய்விடாதா? வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம். உடம்பு சரியில்லை, நிகழ்ச்சி தள்ளிப்போய்விட்டது என்று ஒரு வரி போதும். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

கைபேசியை எடுத்தாள். கை மையாக இருந்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சொல்லு பாப்பா."

நாற்பத்திரண்டு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"அண்ணா, நாளைக்கு இவர் உங்களைக் கூப்பிட்டாராமே."

"ஆமா. புத்தகம் வருதாமே. நல்லது. நாளைக்குப் பேப்பர் திருத்த வேண்டியிருக்கு, பார்க்கலாம்னு சொன்னேன்."

"அண்ணா, புத்தகம் வரலை."

அவர் கேட்கும்முன் அவளே தொடர்ந்தாள்.

"எட்டாவது தடவையும் வேண்டாம்னுட்டாங்க. இவர் அவசரப்பட்டுச் சொல்லிட்டாரு. நான் ஆறு வருஷமா ஜெபம் பண்ணேன், கிடைக்கல. ஏன்னு எனக்குத் தெரியல. நாளைக்கு எல்லார் முன்னாடியும் நின்னு அதைத்தான் சொல்லப்போறேன். சொல்லிட்டு வீட்டுக்கு வந்து திரும்பவும் வரையப்போறேன். நல்ல சேதின்னு நினைச்சு நீங்க வர வேண்டாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

கணவரும் மகளும் மூச்சு விடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது.

"எத்தனை மணிக்கு?" என்றார் அண்ணன்.